இத்தாலி ஸ்டோர்ஸ், டொக்யாட் வீதி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
இந்தக் கடையில் இத்தாலியர் எவரும் இருந்ததில்லை.

மாமனார் கார்மேலோ வெல்லா மால்டாக்காரர்,
வெள்ளைக்காரனின் கடற்படை மெஸ்ஸில் பரிமாறியவர்.
பால்போல் வெளுத்த அந்த மனுசனைத்
துறைமுகச் சனம் கருமேலர் என்று கூப்பிட்டது.
ஐம்பத்தேழில் கப்பல்கள் கொடி இறக்கிப் போனபோது
அவர் போகவில்லை.
பாலையூற்று எர்மின் பார்த்லட்டுக்கு மோதிரம் போட்டாயிற்று;
ஏலத்தில் எடுத்த இறைச்சி சீவும் மெஷின்
கைவண்டியில் ஏறியாயிற்று.

மால்டா எங்கே இருக்கு என்று
பெயர்ப்பலகைக்காரன் கேட்டானாம்.
"இத்தாலிக்குக் கீழே."
அவன் மேலே உள்ளதை மட்டும் எழுதிவிட்டான்,
தகரத்தில் வெட்டி, எழுத்துக்கு ஒரு சாண்.

தொத்திறைச்சிகூட அவருடையதில்லை.
அது எர்மின் மாமியின் லிங்குஸ்:
பன்றிக்கொழுப்பு, கறுவா, செத்தல் மிளகாய்,
கள்ளு வினாகிரி,
அவருடைய ஆட்கள் போர்த்துக்கேயத்தில் எண்ணும் கணக்கு.
மாமனார் கொண்டுவந்தது உப்பு,
பாற்கட்டியை வெந்நீரில் இழுக்கும் கை,
மீசையில் ஒட்டாமல் சிரிக்கும் சிரிப்பு.

பால் கிண்ணியாவிலிருந்து. எருமைப்பால்,
பாதையில் ஏறிக் கடல் கடந்து வரும்.
உதுமாலெவ்வை பக்கத்து யன்னலோடு நிற்பார்;
அவருடைய வாளி வாசற்படி தாண்டாது,
உள்ளே தொங்குவது பன்றி அல்லவா.
பாற்கட்டிக்கு வேறு கத்தி, பிடியில் நீல நூல்.
வேறு பலகை, வேறு துணி.
ஒருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.
கத்தியும் ஒருநாள் மாறியதில்லை.

நான் வந்தது எண்பத்தெட்டில்,
மருமகளாக, நெற்றியில் திருநீறோடு, மரக்கறிக்காரியாக.
முதல் மாதம் மூக்கில் துணி கட்டிக் கல்லாவில் இருந்தேன்.
இன்றைக்கும் ருசி பார்த்ததில்லை.
உப்புக் கூடினால் வெட்டும்போது கத்திக்குத் தெரியும்,
கத்தி எனக்குச் சொல்லும்.

தொண்ணூறில் ஓடினோம்.
சென்றியில் பையைத் திறந்த பெடியன்
லிங்குஸ் மாலையைத் தடியால் தூக்கி
"மேக மொகக்த?" என்றான்.
சில்வெஸ்டர் ஒன்றைக் கடித்துக் காட்டினார்.
பெடியனும் கடித்தான்,
கனநேரம் மென்றான்,
போ என்று கைகாட்டினான்.

திரும்பி வந்தபோது கதவில்லை. மெஷினில்லை.
டொக்யாட் குசினியில் அது
வெங்காயம் சீவுவதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.
"விடு," என்றார் சில்வெஸ்டர்,
"பிறந்த வீட்டுக்குப் போயிருக்கு."

பாலம் வந்தது. ஹோட்டல்கள் வந்தன.
உப்புவெளியில் தங்கிய ஓர் அசல் இத்தாலியன்
பலகையைக் கண்டு வெயிலில் ஓடிவந்தான்,
ஒரு துண்டு தின்றான், இல்லை என்று தலையாட்டினான்.
அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனான்.

போன மார்கழிக் காற்றில்
சில்வெஸ்டரும் போனார்.
அதே கிழமை பலகையில் "லி" கழன்று
கானுக்குள் விழுந்தது.

இப்போது பால் கொண்டுவருவது
உதுமாலெவ்வையின் மகள் முஹ்சினா, ஆட்டோவில்.
அண்ணாந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.
"இத்தா எண்டு நிக்குது, அக்கா.
எங்கட ஆக்கள் நாலு மாசமும் பத்து நாளும் இருப்பம்."

எங்கள் பக்கத்துக்கு முப்பத்தொன்று,
வெல்லாக்களுக்கு ஒரு பூசை.
இரண்டும் முடிந்திருந்தன.
கடைக்கு நான் அவளுடைய கணக்கைக் கொடுத்தேன்.
கதவைச் சாத்தி,
கடன் கொப்பியின் பின்பக்கத்தில்
நாளுக்கொரு கோடு போட்டேன்.

நேற்று நூற்று முப்பதாவது கோடு.
ஏணிக்குச் சொல்லியிருக்கிறேன்.
"லி" மேசையில் கிடக்கிறது, ஒரு பக்கம் துரு.
கத்திப்பிடியில் நூல் நைந்துபோயிற்று.
கடைத்தெரு முழுக்க அந்த நீலம் கிடைக்கவில்லை;
பச்சை என்றால் பரவாயில்லையா என்று
முஹ்சினாவிடம் கேட்கவேண்டும்,
யன்னலுக்கு வரட்டும்.